கதவு சாத்திய கடைகள்

வைமோலி என்ற தீவுக் கிராமத்துப் பொதுக்கூடத்தின் தகரக் கூரையில் ஒரு வெள்ளைத் தட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அந்தத் தட்டின் தயவில்தான் ஐந்து பெண்களுக்குப் பிழைப்பு. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மரவள்ளிக்கிழங்குப் பானையை இறக்கி வைத்துவிட்டு, ஆளுக்கொரு கைபேசியோடு வந்து கூடத்துப் பாயில் வட்டமாக உட்காருவார்கள். தட்டின் இணைய சிக்னல் கூடத்தையும் வாசல் படியையும் பக்கத்து ஈரப்பலா மரத்தின் நிழலையும் தாண்டாது. அதனால் வேலை என்றால் அங்கேதான்.

என்ன வேலை என்று கேட்டால் முதலில் யாருக்கும் சிரிப்புதான் வரும். படம் பார்த்துப் பதில் சொல்லும் வேலை. உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் ஒரு கணினிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார். கணினிக்குக் கண் உண்டு, அனுபவம் கிடையாது. பிறந்த குழந்தையைப் போல எல்லாவற்றையும் பார்க்கும். எதையும் இன்னதென்று அறியாது. மனிதர்கள் ஆயிரம் ஆயிரமாகப் படங்களைப் பார்த்து, இது நாய், இது நாற்காலி, இந்த விளக்கு சிவப்பு, இது பச்சை என்று சொல்லச் சொல்லத்தான் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். அப்படிச் சொல்லும் ஆட்களில் வைமோலியின் ஐவரும் அடக்கம். ஒரு படத்துக்குக் கிடைப்பதை வைத்துக்கொண்டு ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாது. ஆனால் படங்களுக்குப் பஞ்சம் இல்லை. வாரக் கடைசியில் கைபேசிக்கு வந்து சேரும் தொகையில் சோப்பும் மாவும் பள்ளிக்கூடத்துச் செலவும் நடந்துவிடும்.

ஐவரில் ஒருத்தியான செரெய்மாவுக்கு அதற்கும் மேலே ஒன்று நடந்தது. இந்த வேலை இருந்ததால்தான் அவள் ஊரில் இருந்தாள். கணவன் அபிசாய் தாஸ்மேனியாவில் பழத்தோட்டத்தில் பழம் பறிக்கப் போயிருந்தான். அவன் அனுப்பும் பணம் பாதி எழுந்து நிற்கும் வீட்டுக்கும் அவன் தம்பி படிப்புக்குமே சரியாகப் போயிற்று. "சுவாவுக்கு வந்துடு, தையல் கம்பெனியில இடம் பிடிச்சுத் தர்றேன். பொண்ணை உன் மாமியார்கிட்ட விடு" என்று தலைநகரத்துச் சித்தி ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் லைசாவுக்கு ஏழு வயது. அப்பா முகத்தை ஏற்கெனவே கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முகத்தையும் அதிலேயே பார்க்க வேண்டுமா என்று செரெய்மா நினைத்துக்கொள்வாள். அதனால் அவள் வேறு யாரையும்விட அக்கறையாகப் படம் பார்த்தாள்.

ஐவரில் ஒருவரும் மற்றவர்களுக்குத் தலைவியும் ராந்தினி. போதகரின் மனைவியை அங்கே அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். சொந்தப் பெயர் ஊருக்கே மறந்து போயிருந்தது. பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மாவட்ட அலுவலகத்துக்கு விடாமல் நடந்து, "எங்க ஊர்ப் பிள்ளைங்க என்ன பாவம் செஞ்சுது?" என்று கேட்டுக் கேட்டு அந்த வெள்ளைத் தட்டைக் கூரையில் ஏற்ற வைத்தவர் அவர்தான். தினமும் வேலை தொடங்குமுன் ஜெபம் செய்வார். நோயாளிகளுக்காக வேண்டிக்கொள்வார், கடலுக்குப் போனவர்களுக்காக வேண்டிக்கொள்வார், கடைசியில் சிக்னலுக்காகவும் வேண்டிக்கொள்வார். "ஆமென்" சொன்னதும் எலுமிச்சை இலை போட்ட தேநீரை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றுவார்.

ஐவரும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தார்கள். ஆனால் ஒரே வேலையில் சேர்ந்ததால் பெரும்பாலும் அதே படங்கள்தான் வரிசை மாறி மாறி ஐவருக்கும் வரும். முதலில் யாருக்கு வருகிறதோ அவர் அதைத் தூக்கிக் காட்டுவார். ராந்தினி பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். எல்லோரும் அதையே அமுக்குவார்கள். பின்னால் மற்றவர்களுக்கு அது வரும்போது, "அந்த மஞ்சள் கார் படம்தானே? பேருந்து இல்லைன்னு ராந்தினி அப்பவே சொல்லிட்டாங்க" என்று முடிந்துவிடும். வலை இழுப்பதும் பாய் முடைவதும் சேப்பங்கிழங்கு நடுவதும் ஒன்றாகச் செய்து பழகியவர்கள். இதை மட்டும் தனியாகச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம் வந்தவை கடைப் படங்கள். ஏதோ குளிர்நாட்டு ஊர்களின் தெருக்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு கடை. கேள்வி ஒன்றே: கடை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?

"இதுக்கெல்லாம் கேள்வியா?" என்றாள் மெரெவாய். செரெய்மாவின் மாமன் மகள், முறைக்கு மதினி. அந்த ஊரில் மதினிமார் ஒருவரை ஒருவர் கேலி செய்வது உரிமைகூட இல்லை, கடமை. "கதவு திறந்திருந்தா திறந்திருக்கு. சாத்தியிருந்தா சாத்தியிருக்கு. இதைச் சொல்லவா நம்மளைத் தேடிப் பிடிச்சாங்க? இவ்வளவு மண்டு கணினியை நான் பார்த்ததே இல்ல. எங்க வீட்டுக்காரர்தான் அதுக்கு அடுத்தபடி."

முதல் படத்தை ராந்தினி உற்றுப் பார்த்தார். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ரொட்டிகள் அடுக்கியிருந்தன.

"சாத்தியிருக்கு. மூடின கடை. அடுத்தது."

செரெய்மாவின் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

அவளுக்குத் தெரியும், அது திறந்த கடை. அபிசாய் போன புதிதில் காணொளி அழைப்பில் சொல்லிச் சிரித்தது நினைவில் இருந்தது. பசியோடு ரொட்டிக் கடைக்குப் போயிருக்கிறான். கதவு சாத்தியிருந்தது. சரி, திறக்கட்டும் என்று வெளியே குளிரில் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். வைமோலியில் சாத்திய கதவென்றால் வீட்டில் ஆள் இல்லை, இல்லையென்றால் இப்போது வராதே என்று பொருள். யாரும் தட்டக்கூட மாட்டார்கள், திரும்பிப் போவதுதான் மரியாதை. கடைசியில் ஒரு சின்னப் பையன் வந்து, இவனை ஒருமாதிரி பார்த்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். உள்ளே கூட்டமே இருந்தது. குளிர் உள்ளே வராமல் இருக்கத்தான் அங்கே கடைக் கதவைச் சாத்தி வைக்கிறார்கள்.

இதைச் சொல்ல செரெய்மா வாயைத் திறந்தாள். ஆனால் ராந்தினி அதற்குள் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நாலு பேர் முன்னால், அவர் சொன்ன பிறகு, 'அப்படி இல்லை' என்று சொல்வதா? தேநீர் ஊற்றிக் கொடுத்த கை இன்னும் கெண்டியின் மேல் இருந்தது. செரெய்மா 'மூடியது' என்பதை அமுக்கினாள். அடுத்ததற்கும் அமுக்கினாள். சாத்திய கதவுகள் வரிசையாக வந்தன. ஐந்து கட்டைவிரல்களும் ஒன்றாக இறங்கின.

இரண்டு நாள் கழித்து, ஜெபம் முடிந்து கைபேசியைத் திறந்தால், ஐந்து திரையிலும் ஒரே சிவப்புப் பட்டை. ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால் செரெய்மா படித்துச் சொன்னாள்.

"நம்ம கணக்கையெல்லாம் நிறுத்தி வெச்சிருக்காங்க. ஒரே ஆள் அஞ்சு பேர்ல வேலை செய்யறதாச் சந்தேகமாம்."

ஐவரும் ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு மெரெவாய், "ஓய்லேய்!" என்று தலையில் கை வைத்தாள். "நாம அஞ்சு பேரும் ஒருத்தியா? அப்ப எங்க வீட்டுக்காரருக்கு அஞ்சு பொண்டாட்டி. பாவம், ஒருத்தி சமைக்கிறதையே அவரால தின்ன முடியல."

மற்ற இருவர், டிட்டிலியாவும் ஊனைசியும், சிரித்துவிட்டார்கள். ராந்தினி சிரிக்கவில்லை.

"நாம என்ன திருடினோமா?" என்றார். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. "ஜெபம் பண்ணி ஆரம்பிக்கிற வேலை. யாரு நம்மளைப் பொய்யின்னு சொல்றது?"

"போட்டோ எடுத்து அனுப்பு மதினி," என்றாள் மெரெவாய். "அஞ்சு மூஞ்சி இருக்குல்ல. எண்ணிப் பார்த்துக்கட்டும். எண்ணத் தெரியலைன்னா அதையும் கத்துக்குடுப்போம்."

அப்படியே செய்தார்கள். ஈரப்பலா மரத்தடியில் ஐவரும் தோளோடு தோள் ஒட்டி நின்று படம் எடுத்து, 'நாங்கள் ஐந்து பெண்கள், ஒரே ஊர், ஒரே கூடம், ஒரே தட்டு' என்று எழுதி அனுப்பினாள் செரெய்மா. மறுநாள் பதில் வந்தது. கணினி எழுதிய பதில் இல்லை, மனிதர் எழுதியது என்று படித்ததுமே தெரிந்தது. அதில் கொஞ்சம் சங்கடம் இருந்தது. 'நீங்கள் ஐவர் என்று நம்புகிறோம். ஆனால் பிரச்சினை முகங்களில் இல்லை, பதில்களில் இருக்கிறது. வியாழக்கிழமை காலை ஐவருக்கும் ஒரு சோதனை தருகிறோம். ஒவ்வொருவரும் தனியாகச் செய்யுங்கள். தேறியவர்கள் கணக்கு திறக்கும். மறுபடியும் எல்லோரும் அதே தவறுகளையே செய்திருந்தால் ஐந்து கணக்கும் நிரந்தரமாக மூடப்படும்.'

"அதே தவறுன்னா?" என்று கேட்டார் ராந்தினி. "ஒத்துமையா இருக்கறது தப்பா?"

இந்தக் கேள்வி செரெய்மாவை விடவில்லை. அன்று முழுக்க அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். துணி துவைக்க ஓடைக்குப் போனபோதுதான் அது பிடிபட்டது. பக்கத்துக் கல்லில் மெரெவாய் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு மதினி. மீன் கூட்டம் எங்க இருக்குன்னு தெரியணும். நீ அஞ்சு படகை அஞ்சு பக்கம் அனுப்பறே. அஞ்சு பேரும் திரும்பி வந்து, பாறைக்கு அந்தப் பக்கம்னு சொன்னா நம்புவியா?"

"நம்புவேன்."

"அஞ்சு படகும் கரையிலேயே சேர்ந்து உக்காந்து ஒருத்தரைக் கேட்டுக்கிட்டு, அவர் சொன்னதையே வந்து சொன்னா?"

மெரெவாய் துணியை அடிப்பதை நிறுத்தினாள். "அது ஒரு படகுதானே. நாலு படகுக்கு எதுக்கு எண்ணெய் செலவு?"

"அதான். ஒரு படத்தை நாலஞ்சு பேருக்கு அனுப்பறதே அதுக்குத்தான். ஒருத்தர் கண்ணு தப்பினா இன்னொருத்தர் கண்ணு பிடிக்கும். அதுபோக, நடுவுல நடுவுல பதில் முன்னாடியே தெரிஞ்ச படத்தையும் கலந்து விடுவாங்க, நாம ஒழுங்காப் பார்க்கறோமான்னு தெரிஞ்சுக்க. எது சோதனை, எது வேலைன்னு நமக்குத் தெரியாது. சரியான பதில்ல அஞ்சு பேரும் ஒத்துப்போனா சந்தேகம் வராது, சரியானது ஒண்ணுதானே. ஆனா தப்பு பண்றவங்க ஆளுக்கொரு விதமாப் பண்ணுவாங்க. அஞ்சு பேரும் ஒவ்வொரு தப்பையும் ஒண்ணு போலப் பண்ணினா, அது ஒரு ஆளுதான்."

"நாம என்ன தப்பு பண்ணினோம்?"

செரெய்மா சொன்னாள், ரொட்டிக் கடைக் கதையோடு. மெரெவாய் முதலில் அபிசாய் குளிரில் நடுங்கியதை நினைத்து ஓடைக் கல்லில் சரிந்து சரிந்து சிரித்தாள். பிறகு, சிரிப்பு அடங்கியதும், மதினியை முறைத்தாள்.

"தெரிஞ்சுமா நீயும் மூடியதுன்னு அமுக்கினே? முட்டாள் கழுதை."

"ராந்தினி சொன்ன பிறகு எப்படி..."

"வியாழக்கிழமை? அன்னிக்கும் கதவு சாத்தின கடையெல்லாம் வரும். ராந்தினி மூடியதுன்னு அமுக்குவாங்க. நாங்களும் அமுக்குவோம், பழக்கம். நீ மட்டும் திறந்ததுன்னு அமுக்கித் தேறிடுவியா?"

செரெய்மா துணிக்குச் சோப்பைத் தேய்த்தாள். அதுதான் அவள் மனதில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால், தன் பதில் வேறாக இருக்கும். தன் கணக்கு மட்டும் பிழைத்தாலும் பிழைக்கும். லைசாவோடு இருக்கலாம். வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறாளா இல்லையா என்று சித்தி கேட்டிருந்தாள். தையல் கம்பெனிக்காரர்கள் திங்கட்கிழமைக்குள் ஆள் வேண்டும் என்றார்களாம். மற்ற நாலு பேருக்கு ஊரை விட்டுப் போகும் அவசரம் இல்லை.

"நீயே அவங்ககிட்டச் சொல்லேன்," என்றாள் கடைசியில்.

"நான் சொன்னா கேலின்னு நினைப்பாங்க. என் வாயைப் பத்தித்தான் ஊருக்கே தெரியுமே. போன ஞாயித்துக்கிழமை பாட்டு நல்லா இருந்துச்சுன்னு போதகர்கிட்டச் சொன்னதுக்கே, என்னடி கிண்டல் பண்றேன்னு கோவிச்சுக்கிட்டார்." மெரெவாய் துணியைப் பிழிந்து உதறினாள். தண்ணீர் செரெய்மா முகத்தில் தெறித்தது. வேண்டுமென்றேதான். "நீ சொல்லு. நேரா சொல்லாதே. கதையாச் சொல்லு. உன் புருஷனை வெச்சுச் சிரிச்சா யாரு உன்னைக் கேக்கப் போறா?"

புதன்கிழமை சாயங்காலம் ஐவரும் கூடத்தில் கூடினார்கள். ராந்தினி பொரித்த மாவுருண்டை கொண்டு வந்திருந்தார். மறுநாள் சோதனை என்ற பயத்தில் யாரும் அதில் கை வைக்கவில்லை. மெரெவாய் செரெய்மாவின் தொடையைக் கிள்ளினாள்.

"அபிசாய் அங்க போன புதுசுல ஒண்ணு நடந்துச்சு," என்று தொடங்கினாள் செரெய்மா.

அவள் நல்ல கதைசொல்லி இல்லை. ஆனால் பயம் அன்று அவளுக்கு ஒரு நடிப்பைக் கொடுத்தது. அபிசாய் அக்குளில் கை வைத்து நின்றதை நின்று காட்டினாள். சின்னப் பையன் அவனை மேலும் கீழும் பார்த்ததைப் பார்த்துக் காட்டினாள். கதவு திறந்து, உள்ளே இருந்த கூட்டமெல்லாம் இவனைத் திரும்பிப் பார்த்ததைச் சொன்னபோது டிட்டிலியாவுக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது ராந்தினிதான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"செரெய்மா. இது எப்ப நடந்தது?"

"போன வருஷம், ராந்தினி."

"அப்ப அந்தக் கடைப் படமெல்லாம் வந்தப்ப உனக்குத் தெரியும்."

நின்று நடித்துக்கொண்டிருந்த செரெய்மா பாயில் உட்கார்ந்தாள்.

"தெரியும்."

"நான் மூடியதுன்னு சொன்னப்ப நீ என் பக்கத்துல உக்காந்திருந்தே."

"ஆமாம்."

"நான் எப்பம்மா உன் வாயை மூடினேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் செரெய்மாவால் தாங்கியிருக்க முடியும். ராந்தினி உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

"நீங்க மூடலை," என்றாள். "நானே மூடிக்கிட்டேன். உங்க முன்னால பேசறது எப்படின்னு தெரியல."

"இசா," என்றார் ராந்தினி, ஒரு பெருமூச்சோடு. அங்கே இரக்கப்படும்போது சொல்லும் சொல் அது; யாருக்காக இரக்கப்பட்டார் என்று தெரியவில்லை. பிறகு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு மாவுருண்டைத் தட்டை வட்டத்தின் நடுவில் தள்ளினார். "நாளைக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. என் முகத்தை முக்கியமா."

"அப்ப நாளைக்குச் சரியான பதில் என்னன்னு செரெய்மாவையே கேட்டுக்கறோம்," என்றாள் ஊனைசி. "அவளுக்குத்தான் அங்கத்து வழக்கம் தெரியுது."

"என்னைக் கேக்காதீங்க," என்றாள் செரெய்மா. தன் குரலின் வேகம் அவளுக்கே புதிதாக இருந்தது. "எனக்குத் தெரிஞ்சது ஒரு கதைதான். மிச்சத்தைப் படத்தைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணுங்க. உள்ள ஆள் இருக்காங்களா, விளக்கு எரியுதா, பலகையில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. இல்லாட்டி நாளைக்கு ராந்தினிக்குப் பதிலா நான் அந்த ஒரே படகு ஆயிடுவேன்."

மெரெவாய்க்கு மட்டும்தான் அது புரிந்தது. அவள் மறுபடி கிள்ளினாள், இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

வியாழக்கிழமை காலை ஜெபம் சுருக்கமாக முடிந்தது. கூடத்தின் நாலு மூலைக்கு நாலு பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ராந்தினி தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வாசல் படிக்குப் போனார், சிக்னல் எட்டும் கடைசி இடத்துக்கு.

செரெய்மாவுக்கு முன்னால் வெள்ளையடித்த சுவர். கையில் கைபேசி. முதல் படம்: கதவு சாத்தியிருந்தது, விளக்கு எரிந்தது, உள்ளே ஒரு பெண் காசு வாங்கிக்கொண்டிருந்தாள். திறந்தது. இரண்டாவது படம்: கதவு சாத்தியிருந்தது, உள்ளே இருட்டு, நாற்காலிகள் மேசைமேல் கவிழ்த்திருந்தன. மூடியது. இவை சுலபம். பிறகு வந்தது அகலத் திறந்த ஒரு கதவு. உள்ளே விளக்கு. ஒரு ஆள் வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தான். கடை திறக்கப் போகிறதா, மூடப் போகிறதா? நிழலைப் பார்த்தாள். நீளமான நிழல், காலையாகவும் இருக்கலாம், மாலையாகவும் இருக்கலாம்.

பழக்கத்தில் அவள் காது ராந்தினியின் குரலுக்குக் காத்திருந்தது. குரல் வரவில்லை. ஒருவர் சொல்ல மற்றவர்கள் அமுக்குவதில் எத்தனை நிம்மதி இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. தவறினால் அது யாருடைய தவறும் இல்லை. இந்தப் படத்துக்கு அவள் மட்டும்தான் பொறுப்பு. அவளுடைய கண் மட்டும்தான் இருக்கிறது. மறுபடி பார்த்தாள். கழுவுகிறவனுக்குப் பின்னால் பழக்கூடைகள் காலியாக இருந்தன. ஒன்றுகூட மிச்சம் இல்லை. விற்றுத் தீர்ந்த கூடைகள். மூடியது, என்று அமுக்கினாள். சரியோ தப்போ, அது அவளுடையது.

பின்னாலிருந்து மெரெவாயின் குரல்: "ஐயோ, இந்தக் கடைக்காரன் அசல் எங்க மாமனார்."

"வாயை மூடுடி!" என்று மூன்று மூலைகளிலிருந்தும் கத்தினார்கள். வாசல் படியில் மட்டும் சத்தம் இல்லை.

முடித்தவர்களுக்கு உடனேயே முடிவு வந்தது. மெரெவாயின் திரையில் பச்சைப் பட்டை. அவள் எழுந்து நின்று இடுப்பை ஆட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். டிட்டிலியாவுக்குப் பச்சை. ஊனைசிக்குப் பச்சை. செரெய்மா கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பொத்தானை அமுக்கி, ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். பச்சை. அவள் கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் நெற்றியைச் சாய்த்தாள். லைசா பள்ளி விட்டு வரும்போது வீட்டில் அம்மா இருப்பாள். நாளைக்கும் இருப்பாள்.

நாலு பேரும் கட்டிப்பிடித்துக் கூத்தாடி முடித்த பிறகுதான் வாசலைப் பார்த்தார்கள். படியில் யாரும் இல்லை. தேநீர்க் கெண்டி மட்டும் இருந்தது. மேலே ஈ மொய்க்காமல் துணி போட்டு மூடியிருந்தது.

"அடுப்புல ஏதாச்சும் வெச்சிருப்பாங்க," என்றாள் டிட்டிலியா. யாரும் நம்பவில்லை.

மத்தியானம் முழுக்க நாலு பேரும் வேலை பார்த்தார்கள். ஒரு படம் வந்தபோது ஊனைசி பழக்கத்தில் கைபேசியைத் தூக்கி நடுவில் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றது. மெல்லத் தாழ்த்திக்கொண்டாள்.

சாயங்காலம் செரெய்மா சுவாவுக்குப் பேசினாள். "நான் வரலை சித்தி. அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க," என்றாள். சித்தி கொஞ்சம் திட்டினாள். பிறகு பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். பேசி முடித்ததும் செரெய்மா தேநீர்க் கெண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போதகர் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அந்த வீட்டுக் கதவைச் சாத்தி அவள் பார்த்ததே இல்லை. காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பவழப்பாறைத் துண்டை எப்போதும் கதவுக்கு முட்டாக வைத்திருப்பார்கள். வழி போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "சாப்பிட்டாச்சா ராந்தினி?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இன்று அந்தக் கல் ஒதுங்கிக் கிடந்தது. கதவு சாத்தியிருந்தது. போதகர் பக்கத்து ஊர் ஆராதனைக்குப் போயிருந்தார்.

செரெய்மா கெண்டியைப் படியில் வைத்தாள். திரும்பி நடந்தாள். அதுதான் மரியாதை, சாத்திய கதவுக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. ஈரப்பலா மரம் வரைக்கும் போய்விட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. ஜன்னல் சட்டங்களின் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது.

நின்று பார்த்தாள். பிறகு வந்த வழியே திரும்பிப் போய், கெண்டியைக் கையில் எடுத்து, கதவைத் தள்ளினாள். தாழ் போடவில்லை.

ராந்தினி பாயில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே கைபேசி கவிழ்த்து வைத்திருந்தது.

"கதவு சாத்தியிருந்துச்சே, பார்க்கலையா?"

"பார்த்தேன், ராந்தினி. உள்ள விளக்கு எரிஞ்சுது."

ராந்தினி அவளை நிமிர்ந்து பார்த்தார். உதட்டின் ஓரம் கொஞ்சம் அசைந்தது.

"எனக்குச் சிவப்புதான். எல்லாத்தையும் திறந்ததுன்னே அமுக்கிட்டேன்," என்றார். "இருட்டா இருந்ததையும்கூட. ஒவ்வொரு கதவைப் பார்த்ததும் உன் புருஷன் வெளிய குளிர்ல நிக்கறதுதான் நினைப்பு வந்துச்சு. பாவம், உள்ள போகட்டுமேன்னு..."

செரெய்மாவால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு பயந்துபோய்க் கெண்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ராந்தினியும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்தார்.

"கதவைத் திறந்தே விட்டுட்டு வா," என்றார். "கல்லை வை."

செரெய்மா கல்லைக் காலால் தள்ளிக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். அவள் திரும்பியபோது, ராந்தினி பாயில் ஒருபுறமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.